மாசி மகத்துக்கு 36 படம்

குழு: முத்தியால்பேட்டை கேமரா கூட்டம்

சனிக்கிழமை

மாலை 6:10
பெரியப்பா: எல்லாருக்கும் வணக்கம். இந்தத் தடவை போட்டித் தலைப்பு மாசி மகம் தீர்த்தவாரி. புதுச்சேரி வைத்திக்குப்பத்துல எடுங்க, கடலூர் தேவனாம்பட்டினத்துல எடுங்க, கிள்ளைக்குப் போய் ஸ்ரீமுஷ்ணம் பூவராகரை எடுத்தாலும் சரிதான். ஆளுக்கு ஒரு படம். செல்போனுக்கும் கேமராவுக்கும் தனித்தனிப் பிரிவு கிடையாது.

6:12
அண்ணி: மொத்தமே ஒரு படம்தான் எடுக்கணுமா பெரியப்பா?

6:13
பெரியப்பா: இல்லம்மா. எடுக்கிறது 36. போட்டிக்கு ஒண்ணு. எடுத்த 36 படமும் ஸ்டூடியோ மாமாகிட்ட தனியா போகணும். ஒரு ஃபிலிம் ரோலுக்கு 36 படம், அந்தக் கணக்குன்னு வெச்சுக்க. கடற்கரையில நின்னு ஒண்ணு ஒண்ணா பார்த்து அழிக்கக் கூடாது.

6:14
முதுநகர் தம்பி: மாமா, ஆடிப்போன படத்தையும் அனுப்பணுமா?

6:19
ஸ்டூடியோ மாமா: அதைத்தான்பா முதல்ல அனுப்பணும். நல்லா வந்த ஒண்ணை மட்டும் காட்டினா ‘சூப்பர்’னு சொல்றதைத் தவிர எனக்கு வேலை இல்ல. வரிசையா 36-ம் இருந்தாத்தான் நீ நின்ன இடத்துல இருந்து நகர்ந்தியா, ஜூம் மட்டும் நகர்ந்துச்சான்னு தெரியும். எல்லாப் படமும் ஒரே உயரம், ஒரே தூரம்னா, அந்த ஆளுக்கு ஷட்டர் பத்தி வகுப்பு எடுத்துப் பிரயோஜனம் இல்ல, கால் பத்தித்தான் எடுக்கணும். இன்னொருத்தருக்கு இடம் சரியா இருக்கும், ஒவ்வொரு தடவையும் அரை நொடி லேட்டா அழுத்தியிருப்பாங்க. குறை வேற, பாடமும் வேற. அதனாலதான் எல்லாரையும் உட்கார வெச்சு ஒரே வகுப்பு எடுக்காம ஒவ்வொருத்தரா கூப்பிடறது.

6:21
லாஸ்பேட்டை அக்கா: 36-ஐ மூணு பன்னிரண்டா பிரிச்சுக்கங்க. கூட்டமும் கடலும் பந்தலும் தெரியற மாதிரி தள்ளி நின்னு 12. நாலஞ்சு பேர் மட்டும் இருக்கிற மாதிரி 12. கை, முகம், மாலை, குடைத் தொங்கல்னு கிட்டப் போய் 12. அப்படிப் பிரிக்கலன்னா உற்சவர் முன்னாடி நின்னே அத்தனையும் தீர்ந்துடும்.

6:22
அண்ணி: எங்க நிக்கிறதுன்னுதான் எனக்குத் தெரியல. போன மாசம் கடற்கரைச் சாலையில எடுத்த பயிற்சிப் படம் இது, பாருங்க மாமா. முகமெல்லாம் கறுப்பா இருக்கு.
[படம்]

6:31
ஸ்டூடியோ மாமா: நம்ம கடற்கரை கிழக்குப் பார்த்தது. ஆறரை ஒட்டி சூரியன் கடல்லதான் எழும்புது. கரையில நின்னு கடலைப் பார்த்து எடுத்தா காலை முழுக்க வெளிச்சம் ஆளுங்க முதுகுல, முகம் நிழல்ல. பின்னாடி வானமும் தண்ணியும் பளிச்னு இருக்கிறதால கேமராவுல வெளிச்சத்தை அளக்கிற மீட்டர் அதைப் பார்த்துட்டு வெளிச்சத்தைக் குறைச்சிடும், முகம் இன்னும் கறுக்கும். இதுக்கு மூணு வழி உண்டு.

முதல் வழிதான் நல்ல வழி: முழங்கால் அளவு தண்ணியில இறங்கித் திரும்பி, கரையைப் பார்த்து எடு. வெயில் உன் முதுகுல, அவங்க முகத்துல. பின்னணியும் கூட்டமா, பந்தலா, தென்னையா இருக்கும். முழங்காலுக்கு மேல போகாதே, அலைக்கு முழுசா முதுகைக் காட்டாதே, ஓரக்கண் கடல்மேல இருக்கணும்.

கரையிலதான் நிக்க முடியும்னா எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்குக் கிடைக்கிற வெளிச்சத்தை, 1-லிருந்து 1.7 ஸ்டாப் வரை ஏத்து. ஒரு ஸ்டாப் ஏத்தினா வெளிச்சம் ரெண்டு மடங்கு, ஒரு ஸ்டாப் குறைச்சா பாதி. வானம் வெளுத்துப் போகும், போகட்டும்.

மூணாவது, வானத்துக்கு அளந்து 1 குறைச்சு, ஆளை முழுக் கறுப்பா விட்டுடறது. அப்படின்னா உருவம் தனித்தனியா பிரிஞ்சு தெரியணும். குடையும் தலையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிட்டா கறுப்புத் திட்டுதான்.

அண்ணி, உங்க படம் ரெண்டுக்கும் நடுவுல நிக்குது. முகமும் இல்ல, உருவமும் இல்ல.

6:33
அண்ணி: புரியுது மாமா. போன்ல அதை எப்படி ஏத்துறது?

6:37
லாஸ்பேட்டை அக்கா: திரையில முகத்து மேல விரலை அழுத்திப் பிடிங்க அண்ணி, பூட்டு மாதிரி வரும். அப்புறம் பக்கத்துல வர சூரியக் குறியை மேல தள்ளினா வெளிச்சம் ஏறும், கீழ தள்ளினா இறங்கும். பூட்டலன்னா யாராவது வெள்ளை வேட்டியோட குறுக்கே நடந்ததும் மொத்தமா மாறிடும். ரெண்டு விரல்ல இழுத்து ஜூம் பண்ணாதீங்க, 1, 2னு இருக்கிற பொத்தானை மட்டும் தொடுங்க. எடுக்கிறதுக்கு முன்னாடி லென்ஸைத் துடைங்க. கடல்காத்துல கொஞ்ச நேரத்துலயே மங்கல் படிஞ்சு வெளிச்சமெல்லாம் பூசினாப்ல வரும்.

6:40
முதுநகர் தம்பி: எங்கிட்ட கேமராவோட வந்த 18-55 கிட் லென்ஸ்தான் மாமா. மேனுவல்ல என்ன வெக்கட்டும்?

6:52
ஸ்டூடியோ மாமா: வெயில் நேரா விழற இடத்துல ஐஎஸ்ஓ 200, எஃப் 8, ஷட்டர் 1/800 நொடி. ஐஎஸ்ஓ-ன்னா வெளிச்சத்துக்கான உணர்திறன், எஃப்னா லென்ஸ் துவாரம், எஃப் எண்ணு குறைஞ்சா துவாரம் பெருசு. இது ‘சன்னி 16’ கணக்கு: எஃப் 16-ல ஷட்டர் ஐஎஸ்ஓ எண்ணுக்குச் சமம், 1/200. ரெண்டு ஸ்டாப் திறந்தா எஃப் 8, அதே ரெண்டு ஸ்டாப் ஷட்டர்ல குறைச்சா 1/800.

குடைக்கு அடியில, பந்தலுக்குள்ள போனா ஏறக்குறைய மூணு ஸ்டாப் குறையும். உன் லென்ஸ் 55-ல எஃப் 5.6-க்கு மேல திறக்காது. அங்க ஒரு ஸ்டாப் கிடைச்சாச்சு. மீதி ரெண்டை ஐஎஸ்ஓ-ல எடு, 800 ஆகும். ஷட்டர் 1/800-லயே நிக்கட்டும்.

வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறி ஓடணும்னா மேனுவல்லயே ஆட்டோ ஐஎஸ்ஓ போட்டு, உச்சம் 3200-னு கட்டிடு. கையால ஐஎஸ்ஓ மாத்திக்கிட்டு இருந்தா சாமி தண்ணியில இறங்கி ஏறிடும்.

6:54
பெரியப்பா: பெரும்பாலும் கடல்ல முக்குறது சாமியோட ஆயுத வடிவமான அஸ்திரதேவரை, பெருமாள் கோயில்னா சக்கரத்தாழ்வாரை. உற்சவர் பந்தல்ல இருப்பார். மயிலம் முருகன் வந்து இறங்கற நேரத்துல எல்லாக் கேமராவும் அந்தப் பக்கம் திரும்பும். முக்கி எடுக்கிறது சில நொடிதான், அதுக்கு முன்னாடியே தண்ணியில இடம் பிடிச்சிருக்கணும். குருக்கள் எந்தக் கையில பிடிச்சிருக்கார்னு பார்த்து அந்தப் பக்கம் நில்லுங்க, இல்லன்னா அவர் தோள் மறைச்சிடும்.

6:57
ஸ்டூடியோ மாமா: அந்த நொடிக்கு மட்டும் 1/1600. துளி உறைஞ்சு நிக்கும். 1/250-ல துளி கோடா இழுக்கும், முகமும் லேசா ஆடும், ரெண்டும்கெட்டானா போகும். ஃபோகஸ் ஒரே புள்ளி, தொடர் ஃபோகஸ். கேனான்ல ஏஐ செர்வோ, நிக்கான்லயும் சோனியிலயும் ஏஎஃப்-சி. எல்லாப் புள்ளியையும் திறந்து விட்டா முன்னாடி தெறிக்கிற அலையைப் பிடிச்சுக்கும், சாமி மங்கிடும். தொடர் கிளிக் இந்த இடத்துல மட்டும், மூணு மூணா. விரலை எடுக்காம அழுத்தினா மொத்தப் 36-ம் பத்து நொடி தாங்காது.

7:01
முதுநகர் தம்பி: சரி மாமா. வெள்ளை வேட்டி மட்டும் சில படத்துல சாம்பலா வருது, சிலதுல கொடுத்த வெளிச்சம் தாங்காம வெறும் வெள்ளையா போகுது. ஏன் ரெண்டு மாதிரி?

7:08
லாஸ்பேட்டை அக்கா: தம்பி, மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். ஃபிரேம் முழுக்க வேட்டின்னா அதைச் சாம்பலாக்கிடும், அப்ப 0.7 ஏத்து. கறுத்த கூட்டத்து நடுவுல ஒரே ஒரு வேட்டின்னா கூட்டத்தைச் சாம்பலாக்கப் போய் வேட்டியை எரிச்சிடும், அப்ப 0.7 இறக்கு. ஒரே துணி, எண்ணு நேர் எதிர். மாமா முதல்ல சொன்ன மாதிரி ஐஎஸ்ஓ-வும் கையால வெச்சா இந்தச் சிக்கல் இல்ல, ஆட்டோ ஐஎஸ்ஓ போட்டாத்தான் வரும். எரிஞ்ச இடம் சிமிட்டற வசதியை மெனுவுல போட்டு வெச்சுக்க. படத்தை அழிக்கத்தான் கூடாது, சிமிட்டலைப் பார்க்கலாம்.

7:10
அண்ணி: இன்னொண்ணு கேக்கணும். கடல்கோடு எல்லார் தலையையும் வெட்டற மாதிரி வருதே, அது ஏன்?

7:18
ஸ்டூடியோ மாமா: நல்ல கேள்வி அண்ணி. கடல்கோடு எப்பவும் கேமரா இருக்கிற உயரத்துலதான் ஓடும். நீங்க நின்னு கண்ணுக்கு நேரா பிடிச்சா, எதிர்ல உங்க உயரத்துக்கு நிக்கிறவங்க எல்லாரோட கண்ணு வழியாவும் கோடு போகும். கிட்ட நிக்கிறவங்களுக்கும் அதே, தூரத்துல நிக்கிறவங்களுக்கும் அதே. உட்கார்ந்து இடுப்பு உயரத்துல பிடிச்சா கோடு அவங்க இடுப்புக்கு இறங்கும், தலை வானத்துல தனியா நிக்கும். பிள்ளைங்களை எடுக்கும்போது இன்னும் கீழ. கால்வைப் பலகை மேலயோ வண்டி மேலயோ ஏறினா கோடு தலைக்கு மேல போயிடும், அதுவும் நல்லதுதான். நிக்கிற உயரம் மட்டும்தான் தொல்லை.

கோடு சாயாம இருக்க திரையில கட்டம் போட்டுக்கங்க. அப்புறம் நிமிர்த்தினா ஓரம் போகும். ஓரத்துல குடை இருந்தா அதுவும் போகும்.

7:20
முதுநகர் தம்பி: இதை நான் கேள்விப்பட்டதே இல்ல மாமா 👌

7:26
பெரியப்பா: ஒரு முக்கியமான விஷயம். கரையில திதி குடுக்கிறவங்க இருப்பாங்க. அவங்க முகத்தை எடுக்காதீங்க. ஈரத்துணியில இருக்கிற பெண்களையும், துணியில்லாம குளிக்கிற பிள்ளைங்களையும் எடுக்கவே கூடாது. அப்படிப்பட்ட படம் போட்டிக்கு வந்தா புள்ளியைப் பத்திப் பேச்சே இல்ல, அப்பவே எடுத்துடுவேன். கிட்டப் போய் முகம் எடுக்கணும்னா கண்ணைப் பார்த்துத் தலையசைச்சுக் கேளுங்க. வேணாம்னு சொன்னா கேமராவை இறக்கிடணும்.

7:27
லாஸ்பேட்டை அக்கா: ரொம்பச் சரி பெரியப்பா.

7:35
லாஸ்பேட்டை அக்கா: அனுப்புற முறை சொல்லிடறேன். வாட்ஸ்அப்புல எதையும் படமா அனுப்பாதீங்க, டாகுமென்ட்டா அனுப்புங்க. படமா அனுப்பினா வாட்ஸ்அப் சுருக்கிடும், படத்தோட சேர்ந்து பதிவாகிற எக்ஸிஃப் தகவலும் போயிடும், மாமாவால ஷட்டர் என்ன, ஐஎஸ்ஓ என்னன்னு பார்க்க முடியாது. போட்டிப் படம் ஜேபெக், நீளப்பக்கம் 2048 பிக்சல், கலர் ஸ்பேஸ் எஸ்ஆர்ஜிபி. கேமரா மெனுவுல கலர் ஸ்பேஸ் அடோபி ஆர்ஜிபி-ல இருந்தா மாத்திடுங்க, போன் திரையில குங்குமமும் மஞ்சளும் செத்துப்போய்த் தெரியும். ஐபோன்காரங்க ஹெச்இஐசி வகை ஃபைல் அனுப்பாம, செட்டிங்ஸ்ல கேமரா, ஃபார்மேட்ஸ் போய் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ வெச்சுட்டு எடுங்க. ஃபைல் பேர்ல உங்க பேர் வேணாம். போட்டிப் படத்தைப் பெரியப்பாகிட்ட தனியா அனுப்புங்க, அவர் எண் போட்டு இங்க போடுவார்.

7:38
அண்ணி: படத்துல கரன்ட் கம்பி வந்தா அழிச்சுக்கலாமா? இப்ப போன்லயே வருதே.

7:44
லாஸ்பேட்டை அக்கா: கூடாது அண்ணி. சலோன்னு சொல்ற பெரிய புகைப்படப் போட்டிகள்லயும் இயற்கைப் பிரிவு, பயணப் பிரிவு ரெண்டுலயும் எதையும் சேர்க்கக் கூடாது, அழிக்கக் கூடாது. திருவிழாவும் நடந்ததை நடந்தபடி காட்டுறதுதான். வெட்டலாம், நிமிர்த்தலாம், வெளிச்சம், நிறம் சரி பண்ணலாம், கறுப்பு வெள்ளை ஆக்கலாம். கம்பி வேணாம்னா ரெண்டு அடி நகர்ந்து எடுங்க.

7:46
முதுநகர் தம்பி: புள்ளி மாமாதான் போடுவாரா?

7:53
ஸ்டூடியோ மாமா: நான் போட மாட்டேன்பா. 36-ம் பார்த்தவனுக்கு எது யாரோடதுன்னு தெரிஞ்சிடும். அது நியாயம் இல்ல. மூணு பேர் போடுவாங்க, ஆளுக்கு 10. ஆனா முதல் நாள் கருத்து மட்டும், புள்ளி மறுநாள். ஒவ்வொரு படத்துக்கும் கண் முதல்ல எங்க போச்சு, எங்க தடுக்கிச்சுன்னு எல்லாரும் ஒரு வரியாவது எழுதணும். ‘அருமை’ன்னு எழுதினா கணக்குல வராது. எண்ணு முதல்ல வந்துட்டா அப்புறம் யார் கருத்தையும் யாரும் படிக்கிறது இல்ல.

7:58
பெரியப்பா: முதல் மூணு படத்தை 12-க்கு 8 இஞ்ச் பிரிண்ட் போட்டுத் தரோம். அதுக்கு ஒரிஜினல் ஃபைலை வெச்சிருங்க, இஞ்சுக்கு 300 புள்ளின்னா (300 டிபிஐ) 3600-க்கு 2400 பிக்சல் வேணும். கேமராப் படம் 3:2, அப்படியே உக்காரும். போன் படம் 4:3, 12 இஞ்ச் அகலத்துக்கு 9 இஞ்ச் உயரம் வரும், ஒரு இஞ்ச் வெட்டுப்படும். போன்ல எடுக்கிறவங்க குடைக்கு மேலயும் காலுக்குக் கீழயும் கொஞ்சம் இடம் விட்டு எடுங்க.

8:05
முதுநகர் தம்பி: உப்புத்தண்ணி கேமராவுல பட்டா என்ன பண்றது பெரியப்பா?

8:16
பெரியப்பா: உடனே தேய்க்காதே. உப்பும் மணலும் காய்ஞ்சு லென்ஸ்ல ஒட்டியிருக்கும், உலர்ந்த துணியால தேய்ச்சா கோட்டிங்ல கீறல் விழும். முதல்ல புளோயர்ல (அழுத்தினா காத்து வர ரப்பர் குமிழ்) ஊது, வாயால ஊதாதே, எச்சில் தெறிக்கும். அப்புறம் மைக்ரோஃபைபர் துணியை நல்ல தண்ணியில நனைச்சு இறுக்கிப் பிழிஞ்சு ஒத்தி எடு. பிறகு உலர்ந்த துணி. உடம்புக்கும் அதேதான், பொத்தான் சந்தெல்லாம் விடாதே. தண்ணியில இறங்கறப்ப தடிச்ச பிளாஸ்டிக் பை, லென்ஸுக்கு ஓட்டை போட்டு ரப்பர் பேண்டு. கரையில லென்ஸ் மாத்தவே கூடாது.

ஏசி அறையில வெச்ச கேமராவை நேரா கடற்கரைக்குக் கொண்டு வந்தா கண்ணாடி பூரா வேர்க்கும். பையை மூடினபடியே அரை மணி நேரம் வெளியில வெச்சுட்டு அப்புறம் திற.

வீட்டுக்கு வந்ததும் தோல் உறையில போட்டு பீரோவுல வெக்காதே. தோல் ஈரம் பிடிக்கும், பூஞ்சைக்கு அது போதும். காத்துப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ள சிலிகா ஜெல், சின்ன ஈரமானி ஒண்ணு. 40-லிருந்து 50 சதம் காட்டணும். 60-ஐத் தாண்டி நின்னா ஜெல்லை மாத்து. அரிசி மூட்டையில புதைக்கிறது வேணாம், தூசிதான் ஏறும்.

8:18
அண்ணி: வகுப்பு எப்போ மாமா?

8:24
ஸ்டூடியோ மாமா: மகம் முடிஞ்சு வர ஞாயித்துக்கிழமை மொட்டை மாடியில. ஆளுக்கு 45 நிமிஷம், ஒருத்தர் இருக்கும்போது அடுத்தவர் வேணாம். 9 மணி அண்ணி, 10 மணி தம்பி, 11 மணி அக்கா. 36-ம் எடுத்த வரிசையிலயே இருக்கணும், பேர் மாத்தாதீங்க. தம்பி, கார்டு ரீடர் கொண்டு வா. அண்ணி, போன்ல சார்ஜ் முழுசா இருக்கட்டும், பாதி நேரம் மாடியிலயே திரும்ப எடுக்கப் போறோம்.