யாழ்ப்பாணத்தில் மூன்று வாடகை வீடு: சம்பளத்துக்கு ஆள் வைத்துப் பார்க்கலாமா?

கொக்குவில் கிழக்கு:
வணக்கம். நான் இருப்பது ரொறன்ரோவில். கொக்குவிலில் இரண்டு வீடும், திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட மேல்மாடி அனெக்ஸ் ஒன்றும் உண்டு. மூன்றும் வாடகைக்குப் போகிறது, எல்லாமாக மாதம் 120,000 ரூபாய் வரும். இவ்வளவு காலமும் சித்தப்பாதான் பார்த்தார். இப்போது அவருக்கு முழங்கால் ஏலாது, அனெக்ஸ் படியில் ஏற முடியவில்லை. வீடுகளைப் பராமரித்துக் கொடுக்கிற ஒருவரிடம் கதைத்தேன். வாடகையில் பத்து வீதம் கேட்கிறார், புது ஆள் பிடித்துத் தந்தால் அதற்குத் தனியாக ஒரு மாத வாடகை. சித்தப்பாவின் மகனிடம் கொடுத்துவிடு என்று அம்மா சொல்கிறா. மூன்று வீட்டுக்கு இவ்வளவு செலவு தேவையா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கோ.

அரியாலையான்:
தேவையில்லை. மாதம் 12,000 என்றால் வருடம் 144,000. அந்தக் காசில் ஒரு வீட்டுக்கு மோட்டரும் தண்ணீர்த் தாங்கியும் புதிதாகப் போட்டுவிடலாம். அவர் செய்யப்போகும் வேலைதான் என்ன? வாடகையை இருக்கிறவர்கள் உங்கள் வங்கிக் கணக்கில் நேரே போடலாம், போட்டவுடன் போனில் தெரியும். கரண்ட் பில் அவர்கள் பொறுப்பு. சோலைவரியை (உள்ளூராட்சி சபைக்குக் கட்டும் வீட்டு வரி) ஜனவரி 31க்கு முன் முழு வருடத்துக்கும் கட்டினால் பத்து வீதம் கழிவு, அதை யாரையாவது ஒரு தரம் அனுப்பிக் கட்டலாம். நம்பிக்கையான பிளம்பர் ஒருவர், எலக்ரீசியன் ஒருவர் இருந்தால் மிச்சமெல்லாம் வாட்ஸ்அப்பில் முடியும்.

எனக்குக் காசை விடப் பெரிய பயம் வேறு. நடுவில் ஒருவர் வந்துவிட்டால் வீட்டில் இருப்பவருக்கு உங்களைத் தெரியாமல் போய்விடும். நாளைக்கு அந்த ஆளோடு உங்களுக்கு மனக்கசப்பு வந்தால், வாடகைக்கு இருப்பவர் அவர் பக்கம்தான் நிற்பார். உங்கள் வீட்டுத் திறப்பை நீங்களே கேட்டு வாங்க வேண்டி வரும்.

சுண்டிக்குளி அக்கா:
அரியாலைத் தம்பி, நீங்கள் ஊரில் இருந்துகொண்டு எழுதுகிறீர்கள் என்று நினைக்கிறேன். வெளியில் இருப்பவர்கள் நிலை வேறு. எங்கள் வீட்டை ஒரு சொந்தக்காரர் பார்த்தார், நல்ல மனுசன். ஆனால் 2019இல் பேசிய வாடகையை 2023 வரைக்கும் கூட்டவில்லை, கேட்க அவருக்குக் கூச்சம். இடையில் 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போனது. சீமெந்து விலையும் மேசன் கூலியும் எங்கேயோ ஏறிவிட்டது, எங்கள் வாடகை மட்டும் அப்படியே நின்றது. கணக்கு கேட்டால் "என்னை நம்பவில்லையோ" என்று வரும். அடுத்த கலியாண வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள்.

இதில் அவருக்கு நடந்ததும் அநியாயம்தான். பெற்றோலுக்கு கியூஆர் அட்டையோடு வரிசையில் நின்ற காலத்தில் அவர் சைக்கிளில் போய் எங்கள் வீட்டுக் கூரை ஒழுக்கைப் பார்த்தார், ஒரு சதம் வாங்கவில்லை. சம்பளம் இல்லாமல் ஒருவரிடம் வேலை வாங்கிவிட்டு அவரிடம் கணக்கும் கேட்க முடியாது. சித்தப்பாவின் மகனிடம் கொடுத்தாலும் காசு பேசிக் கொடுங்கோ.

வளவு பார்ப்பவன்:
இந்த வேலையைத்தான் நான் செய்கிறேன், ஆகவே என் பக்கத்தையும் கேளுங்கள். வாடகை வாங்குவது என் வேலையில் சின்னப் பங்கு. அதற்கு மட்டும் பத்து வீதம் கேட்டால் கொடுக்க வேண்டாம், அரியாலை அண்ணை சொல்வது சரி.

ஐப்பசியிலிருந்து மார்கழி வரைக்கும்தான் எங்களுக்கு உண்மையான வேலை. மழை தொடங்குமுன் கூரைப் பீலியில் கிடக்கும் பலா இலையை அள்ள வேண்டும். விட்டால் தண்ணீர் திரும்பி ஓட்டுக்குக் கீழே இறங்கி, சீலிங் பலகை கறுத்து, பிறகு கறையான் வரும். வெறுமையாகக் கிடக்கும் வீடு என்றால் இன்னும் மோசம். பின்பக்கம் கிடக்கும் சிரட்டை, உடைந்த பேசின், தாங்கி மூடி எல்லாவற்றிலும் தண்ணீர் நிற்கும். டெங்குக் காலத்தில் பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வளவுக்குள் வருவார். நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்க 2007இல் வந்த சட்டம் இருக்கிறது, குடம்பி கண்டால் வழக்கு. சொந்தக்காரர் கனடாவில் இருக்கிறார் என்று சொன்னால் அது பதில் ஆகாது.

இன்னொன்று, வீடு சும்மா கிடக்கும் காலம். 45,000 ரூபாய் வீடு இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால் 90,000 போச்சு. போதனா வைத்தியசாலைக்கு இடமாற்றத்தில் யார் வருகிறார்கள், பல்கலைக்கழகத்தில் புதுப் பிள்ளைகள் எப்போது வருவார்கள் என்று தெரிந்த ஆள் ஊரில் இருந்தால் அந்த இடைவெளி குறையும். பிள்ளைகளுக்குக் கொடுக்கிற அனெக்ஸ் என்றால் இது அடிக்கடி வரும்.

கோண்டாவில் வாடகை:
நான் வாடகைக்கு இருப்பவள், அரசாங்க உத்தியோகம், இடமாற்றத்தில் வந்தேன். எங்களிடம் யாரும் கேட்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்கு ஒரு பராமரிப்பாளர் இருக்கிறார். போன மாரியில் மோட்டர் எரிந்தது. கிணற்றில் தண்ணீர் கட்டு வரைக்கும் நிற்கிறது, குழாயில் சொட்டு இல்லை. வாளியும் கயிறும் தேடி எடுத்து, ஈரப் பாசியில் கால் வழுக்க வழுக்கக் கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு அள்ளினேன். பராமரிப்பாளர் அன்றைக்கே வந்து பார்த்தார், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஐந்நூறு ரூபாய் செலவழிக்கவும் அவருக்கு அனுமதி இல்லையாம். சொந்தக்காரர் லண்டனில், அங்கே நித்திரை நேரம். பிறகு விலை கேட்டார், பிறகு வேறு விலை கேட்கச் சொன்னார், பிறகு சனி ஞாயிறு. கிழமை முடிந்துதான் தண்ணீர் வந்தது.

ஆகவே ஆள் வையுங்கோ, வைத்தால் அவர் கையில் ஒரு தொகையும் கொடுங்கோ. இருபதாயிரம் வரைக்கும் கேளாமல் செய்யலாம், அதற்கு மேல் கேட்க வேண்டும் என்று எழுதிவிட்டால் போதும். இல்லாவிட்டால் அவர் எங்கள் முறைப்பாட்டைக் கேட்டுக் குறித்துக்கொண்டு போவதற்கு மட்டும்தான்.

அரியாலையான்:
தங்கச்சியின் கஷ்டம் விளங்குகிறது. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த இருபதாயிரத்தில்தான் விளையாட்டும் நடக்கும். மேசனிடமும் ஹாட்வெயார் கடையிலும் கமிஷன் வாங்குகிற ஆக்களை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். பழுதுபார்ப்புக்குக் கடை பில், பழைய சாமானின் படம், புதுச் சாமானின் படம் இல்லாமல் காசு கொடுக்கக் கூடாது. முற்பணமும் வாடகையும் ஒரு நாளும் அவர் கணக்குக்குப் போகக் கூடாது. உங்கள் கணக்குக்கு வரட்டும், நீங்கள் அவருக்குச் சம்பளம் அனுப்புங்கோ.

வளவு பார்ப்பவன்:
அண்ணை, நான் வாங்குவது அப்படித்தான். வாடகை என் கணக்குக்கு வந்தால் எனக்கும் வில்லங்கம். மாத முடிவில் நான் செலவுக் கணக்கும் படமும் அனுப்புவேன், அவர்கள் என் காசை அனுப்புவார்கள்.

சுண்டிக்குளி அக்கா:
முக்கியமான ஒன்றை ஒருவரும் தொடவில்லை. கொக்குவில்த் தம்பி, உங்கள் வாடகை ஒப்பந்தம் எப்படி இருக்கிறது? வெள்ளைத் தாளில் முத்திரை ஒட்டிக் கையெழுத்து வைத்ததா? 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னால் எழுதப்பட வேண்டும். ஆளை எழுப்ப முடியாமல் போனால் வழக்கைச் சுருக்கமாக நடத்த 2023இல் 1ஆம் இலக்கச் சட்டம் வந்தது, அதுவும் நொத்தாரிசு எழுதிய குத்தகை உறுதி கையில் இருப்பவர்களுக்குத்தான்.

நீங்கள் அங்கே இருந்துகொண்டு இங்கே கையெழுத்து வைக்க முடியாது, ஆகவே அற்றோணித் தத்துவம், அதாவது உங்களுக்காக இன்னொருவர் கையெழுத்து வைக்க அதிகாரம் கொடுக்கும் பத்திரம், தேவைப்படும். அதில்தான் கவனம். சும்மா அச்சடித்த படிவத்தை எடுத்தால் விற்க, ஈடு வைக்க, நன்கொடை எழுத எல்லா அதிகாரமும் அதற்குள் இருக்கும். வெளிநாட்டில் இருப்பவர்களின் காணி தத்துவத்தை வைத்துக் கைமாறி வழக்குக்குப் போனது எங்கள் பக்கம் புதினம் இல்லை. இந்த மூன்று ஆதனத்தையும் குத்தகைக்குக் கொடுக்கவும், வழக்கில் தோன்றவும் மட்டும் என்று எழுதுவியுங்கோ. அதையும் சம்பளக்காரரிடம் கொடுக்க வேண்டாம், சித்தப்பா பெயரில் இருக்கட்டும். கையெழுத்துக்கு முழங்கால் தேவையில்லைதானே.

அரியாலையான்:
அக்கா சொன்ன இதில் நான் முழு உடன்பாடு. தத்துவம் ஒருவரிடம், திறப்பு இன்னொருவரிடம். ஆனாலும் கொக்குவில் வீடு இரண்டுக்கும் சம்பள ஆள் வேண்டாம் என்றுதான் இன்னும் சொல்வேன். குடும்பங்கள் நெடுங்காலம் இருக்கிற வீடு, அயலட்டை கண் இருக்கிறது.

கொக்குவில் கிழக்கு:
எல்லோருக்கும் நன்றி. அனெக்ஸை மட்டும் ஒரு வருடத்துக்கு அவரிடம் கொடுத்துப் பார்க்கப்போகிறேன், செலவு எல்லை இருபதாயிரம், வாடகை என் கணக்குக்கு. கொக்குவில் வீடுகளைச் சித்தப்பாவின் மகன் பார்ப்பார், அவருக்கும் மாதக் காசு பேசியாயிற்று, அம்மாவுக்குத்தான் அது பிடிக்கவில்லை. தத்துவம் சித்தப்பா பெயரில். குத்தகை உறுதி எழுத நொத்தாரிசிடம் என்னென்ன கொண்டுபோக வேண்டும் அக்கா?

சுண்டிக்குளி அக்கா:
உங்கள் காணி உறுதி, வரைபடம், கடைசியாகக் கட்டிய சோலைவரிப் பற்றுச்சீட்டு, இரண்டு தரப்பினரின் அடையாள அட்டைப் பிரதி. தத்துவத்தை அங்குள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்தி அனுப்புங்கோ. இங்கே பதிந்த பிறகுதான் சித்தப்பா கையெழுத்து வைக்க வேண்டும்.