வரலாறு எம்.ஏ.: உங்களுக்கு எந்த இடத்தில் இடித்தது?

தண்ணீரூற்றுப் பொடியன்

வரலாறு எம்.ஏ.க்கு விண்ணப்பம் போட்ட ஆட்கள் இந்தக் கருத்துக்களத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள், அதனால் நேரே விடயத்துக்கு வருகிறேன். என் பட்டச் சான்றிதழின் மூலப்பிரதி 2009இல் சண்டையின் கடைசி மாதங்களில் மாத்தளன் பக்கம் எங்கேயோ போய்விட்டது. கையில் மிஞ்சியது ஒரு ஃபோட்டோக்கொப்பி. மடித்த இடமெல்லாம் கிழிந்து, பின்னால் ஒட்டிய செலோடேப்பும் மஞ்சளாகிவிட்டது. விண்ணப்பம் வாங்குகிற கவுண்டரில் இருந்தவர் அதை இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஒறிஜினலை வீட்டில விட்டிட்டு வந்திட்டீங்களோ?" என்றார். ஓம் என்று சொல்லிவிட்டேன். வேறு என்னத்தைச் சொல்ல? பின்னால் வரிசை நிற்கிறது. "அப்ப நாளைக்குக் கொண்டு வாங்கோ தம்பி" என்று அன்பாகத்தான் சொன்னார், அதுதான் இன்னும் குடைகிறது.

பிறகு, நான் படித்த பல்கலைக்கழகத்தின் பரீட்சைக் கிளையில் என் பெயர் பதிவேட்டில் இருந்தது. பெறுபேற்றுப் பத்திரத்தை அவர்களே நேரடியாக அனுப்பிவிட்டார்கள். அலுவல் முடிந்தது.

ஓமந்தை டீச்சர்

தம்பி, உங்களுக்குக் கடதாசி இல்லை. எனக்குக் கடதாசி முழுக்க இருந்தும் சரிவரவில்லை. நான் பொதுக் கலைமாணி, அதாவது பல பாடம் சேர்ந்த பி.ஏ., மூன்று பாடத்தில் ஒன்று வரலாறு. நேர்முகத்தில் இருந்த மூன்று பேரில் நடுவில் இருந்தவர் என் பெறுபேற்றை எடுத்து, பென்சில் நுனியால் வரலாற்றுப் பாடங்களை மட்டும் ஒவ்வொன்றாகத் தட்டி எண்ணினார். வாய் திறக்கவில்லை. எண்ணி முடித்துத் திரும்பவும் மேலேயிருந்து எண்ணினார். பிறகு, "முதலில் தகுதிகாண் பாடநெறி ஒன்றை முடித்துவிட்டு வாருங்கள் மிஸ்" என்றார்.

உயர்தரத்துக்கு வருடக்கணக்காக வரலாறு படிப்பிக்கிறேன். அதை ஒருவரும் கேட்கவில்லை. அந்தத் தாளில் பென்சில் புள்ளிகள் இப்பவும் இருக்கின்றன, நான் அழிக்கவில்லை.

ஏ9 காரன்

டீச்சர் கோபிக்க வேண்டாம், அவர்கள் செய்தது சரி. படிப்பித்த அனுபவம் வேறு, படித்த பாடம் வேறு. பொதுப் பட்டம் 90 கிரெடிட் (படிப்பின் அளவு), ஒரே பாடத்தை ஆழமாகப் படிக்கிற சிறப்புப் பட்டம் 120. பட்டங்களை மட்டம் மட்டமாகப் பிரிக்கிற இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் ஒன்று 5ஆம் மட்டம், மற்றது 6ஆம் மட்டம். அந்த இடைவெளியை எங்கேயாவது நிரப்பத்தானே வேண்டும்?

என் கதை சின்னது. எம்.ஏ. முடித்துவிட்டு அடுத்த ஆய்வுப் பட்டமான எம்.பில். கேட்கப் போனேன். "நீங்கள் ஆய்வேடு எழுதவில்லையே" என்று கோப்பை மூடினார்கள். மேசையில் அது மூடிய சத்தம் இன்னும் காதுக்குள் நிற்கிறது. அவ்வளவுதான்.

ஆகவே இதை வாசிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். காசு கட்ட முதல் ஒரு கேள்வி கேளுங்கள்: இது 9ஆம் மட்டமா, 10ஆம் மட்டமா? 9 என்றால் 30 கிரெடிட், பாடமும் பரீட்சையும்தான் பிரதானம். 10 என்றால் 60 கிரெடிட், அதற்குள் ஆய்வேடு கட்டாயம். வெளியில் இரண்டுக்கும் பெயர் முதுகலைமாணி, எம்.ஏ.தான், சான்றிதழைச் சுவரில் மாட்டினால் வித்தியாசம் தெரியாது. ஒரு கிரெடிட்டுக்கு 50 மணித்தியாலக் கற்றல் என்று கணக்கு. 30 என்றால் 1500 மணித்தியாலம். "சனி ஞாயிறு போய்வந்தால் போதும்" என்று ஏஜென்ட் மாதிரிக் கதைப்பவர்களை நம்பாதீர்கள். வகுப்பு வரவு குறைந்தால் பரீட்சைக்கு இருக்க விடமாட்டார்கள். அடுத்தது, வவுனியா 2021இல் தனிப் பல்கலைக்கழகம் ஆகிவிட்டது என்று சந்தோசப்பட வேண்டாம், அங்கே கலைப்பீடம் இல்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிற யாழ் பல்கலைக்கழகப் பீடங்கள் விவசாயமும் பொறியியலும் தொழில்நுட்பமும். வரலாறு என்றால் யாழ்ப்பாணம், அல்லது பேராதனை, கொழும்பு என்று தெற்கே ஓட வேண்டும். இரண்டு பேரின் பரிந்துரைக் கடிதமும் கேட்பார்கள், உங்களுக்குப் படிப்பித்தவர்களிடம் இப்போதே சொல்லி வையுங்கள், ஓய்வு பெற்றுக் கனடா போனபிறகு தேடாதீர்கள்.

ஓமந்தை டீச்சர்

நான் ஆலோசனை கேட்கவில்லையே அண்ணை. தகுதிகாண் பாடநெறி பிழை என்றும் சொல்லவில்லை. இரண்டாம் தரம் எண்ணினதைத்தான் சொன்னேன்.

கண்டாவளை விவசாயி மகன்

அண்ணையின் 1500 மணித்தியாலத்தில் பரந்தன் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கிற நேரம் சேருமா?

நான் உள்ளே போகிறபோது இடிக்கவில்லை, வெளியே வருகிறபோதுதான். என் ஆய்வேடு கிளிநொச்சி இரணைமடுக் குளத்தையும் அதன் கீழ் வந்த குடியேற்றத்தையும் பற்றியது. 1902இல் தொடங்கி 1920இல் கட்டி முடித்த குளம், தெரிந்ததுதானே. வைவாவில், அதாவது வாய்மொழிப் பரீட்சையில், ஒரு பரீட்சகர், பிரிட்டிஷ் காலத்து அதிகாரி ஜே. பி. லூயிஸின் வன்னிக் கையேட்டை ஏன் கூடுதலாகப் பயன்படுத்தவில்லை என்று கேட்டார். சேர், அது வவுனியா, முல்லைத்தீவுக்கு 1895இல் எழுதியது, அப்போது குளமே இல்லை, கிளிநொச்சியும் 1984 வரைக்கும் யாழ்ப்பாண மாவட்டத்துக்குள்தானே, எனக்கு வேண்டியது யாழ் கச்சேரிக் கோப்புகள், மாவட்ட அரச அலுவலகக் கோப்புகள் என்றேன். தலையாட்டினார். கோப்புகள் எங்கே என்றார். கிடைத்தவை கொழும்பில், தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருந்தவைதான். மிச்சத்துக்கு வயதானவர்களின் வாய்மொழி.

திருத்தத்துக்குத் திரும்பி வந்த பிரதியில், வாய்மொழி அத்தியாயம் முழுக்க ஓரத்தில் சிவப்பு மையால் "ஆதாரம்?" "ஆதாரம்?" ஒரு கிழவர் தன் தகப்பன் காடு வெட்டின கதை சொல்கிற பக்கத்தில் மூன்று இடத்தில் இருந்தது. ஒலிப்பதிவின் திகதி, இடம், சொன்னவரின் வயது, சம்மதக் கையெழுத்து எல்லாவற்றையும் அடிக்குறிப்பாகப் போட்டுக் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டார்கள். பரீட்சகர் கேட்டது நியாயம். ஆனால் அச்சில் இருந்த லூயிஸ் பக்கத்தில் ஒரு சிவப்புக் கேள்விக்குறிகூட இல்லை.

தண்ணீரூற்றுப் பொடியன்

அண்ணை, அந்தச் சம்மதக் கடிதத்தின் மாதிரி இருந்தால் போடுவீங்களா? எனக்கும் ஆய்வேட்டுத் தலைப்பு இந்த மாதம் கொடுக்க வேண்டும். டீச்சர், தகுதிகாண் பாடநெறிக்கு என்னிடம் நோட்ஸ் இருக்கிறது, வவுனியா வரும்போது தருகிறேன்.