ஐவி மூடிய பழைய மதில் தோட்டம்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி

வணக்கம். இங்கிலாந்தில், ஷ்ராப்ஷயரில் உள்ள ஒரு பழைய எஸ்டேட்டுக்குச் சனிக்கிழமைதோறும் தன்னார்வலராகப் போகிறேன். மாளிகைக்குப் பின்னால் இரண்டு ஏக்கரில் ஒரு மதில் தோட்டம். மாளிகைச் சமையலுக்கு வேண்டிய காய், பழம் எல்லாம் ஒரு காலத்தில் அங்கேதான் விளைந்தன. முதல் உலகப்போரோடு தோட்டக்காரர்கள் குறைந்து போனார்கள். இன்று இடுப்பளவு முட்புதர்.

பன்னிரண்டு அடிச் செங்கல் மதில். வடக்குச் சுவரின் உட்பக்கம் நாள் முழுக்க வெயில் வாங்கும் பக்கம். அதை ஐவிக் கொடி மூடிவிட்டது. போன வாரம் ஓரிடத்தில் கொடியை விலக்கினேன். துருப்பிடித்த ஆணி ஒன்று, தலையில் நாக்குப்போல ஒரு ஈயத் தகடு. இளங்கிளையை அணைத்துப் பிடிக்க அந்தக் காலத்தில் அப்படித்தான் அடிப்பார்களாம். அதற்குக் கீழே, கைகளை இரு புறமும் நீட்டியபடி ஒரு பேரி மரம். பாதி செத்துவிட்டது. மீதிப் பாதியில் மொட்டுகள்! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

குழுவில் பலர் மார்ச்சில் ஜேசிபி விட்டு ஒரே நாளில் வழித்துவிடலாம் என்கிறார்கள். எனக்கு மனசே இல்லை. இன்னொன்று: சில வருடங்களுக்கு முன் யாரோ சிமெண்ட் வைத்து ஒட்டிய இடத்தில் மட்டும் செங்கலின் முகம் பொரிப் பொரியாக உதிர்கிறது. ஏன்?

பதில் 1

சிமெண்ட்தான் காரணம் அக்கா. பழைய செங்கல் மென்மையானது, ஈரத்தைக் குடிக்கும். சுண்ணாம்புக் காரையாக இருந்தால் அந்த ஈரம் காரை வழியாக வெளியேறிவிடும். சிமெண்ட் வழியை அடைத்துவிடுவதால் ஈரம் செங்கலுக்குள்ளேயே நின்று, பனியில் உறைந்து, முகத்தைப் பிளக்கிறது. சிமெண்டை உளியால் பொறுமையாக எடுங்கள். கிரைண்டர் வேண்டாம், செங்கல் ஓரம் போய்விடும். புதுக் காரை வைக்கும் வேலை உறைபனிக் காலம் தாண்டித்தான்.

ஐவியை இழுக்கவே கூடாது. வேர் காரைக்குள் போயிருந்தால் செங்கலும் சேர்ந்து வரும். அடியில் அறுத்துவிட்டு, காய்ந்து பிடி தளரும் வரை விடுங்கள்.

அப்புறம், வடக்குச் சுவரைத் தட்டிப் பாருங்கள். உள்ளே வெற்றிடமாக ஒலித்தால் அது சூட்டுச் சுவர். பின்பக்கம் அடுப்பு மூட்டி, புகையைச் சுவருக்குள் வளைத்து விட்டு, வசந்தப் பனியிலிருந்து பீச் பூக்களைக் காப்பாற்றினார்கள்.

பதில் 2

ஜேசிபி வேண்டவே வேண்டாம். மண்ணுக்கு ஒரு சாண் கீழே பழைய பாதைகளும் கண்ணாடி வீட்டு அஸ்திவாரமும் இருக்கும். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற பிரிட்டிஷ் நில அளவைத் துறையின் பழைய வரைபடங்கள் இலவசம். 25 அங்குல வரைபடத்தில் (ஒரு மைலைச் சுமார் 25 அங்குலமாகக் காட்டுவது) உங்கள் தோட்டத்தைத் தேடுங்கள். கண்ணாடி வீடுகளைக் குறுக்குக் கோடுகளாலும் நடைபாதைகளை விட்டு விட்டு வரும் கோடுகளாலும் காட்டியிருப்பார்கள். நடுவில் ஒரு வட்டம் இருந்தால் பெரும்பாலும் தண்ணீர் மொள்ளும் தொட்டி.

கார்ன்வாலில் ஹெலிகன் தோட்டத்தை 1990களில் மீட்டபோது, இடிந்த ஒரு சின்ன அறையின் சுவரில் தோட்டக்காரர்களின் பென்சில் கையெழுத்துகள் கிடைத்தன. ஆகஸ்ட் 1914 என்று தேதி. போருக்குப் போன பலர் திரும்பவில்லை. இயந்திரம் முதலில் நுழைந்திருந்தால் அந்தப் பெயர்கள் நமக்குக் கிடைத்திருக்காது.

பயிரிடும் முன் மண்ணைச் சோதியுங்கள். பழ மரங்களுக்கு அந்தக் காலத்தில் ஈய ஆர்சனேட் என்ற நச்சுப் பூச்சிமருந்தைத் தெளித்தார்கள், அது மண்ணைவிட்டுப் போகாது.

பதில் 3

சட்டப்படியும் மார்ச் சரிவராது. ஐவிக்குள் பறவைகள் கூடு கட்டத் தொடங்கும். 1981 வனவிலங்குச் சட்டப்படி, குடியிருக்கும் கூட்டைக் கலைப்பது குற்றம். வௌவால் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மாளிகை பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்றால், 1948 ஜூலைக்கு முன் அதன் வளாகத்தில் கட்டிய மதிலுக்கும் பொதுவாக அதே பாதுகாப்பு உண்டு. சுவரைத் தொடும் முன் கவுன்சிலின் பாரம்பரிய அதிகாரியிடம் பேசிவிடுங்கள்.

பேரி மரத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். மொட்டு விரியும் முன் போன வருடக் குச்சிகளை வெட்டி, ஈரத்தாளில் சுற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். மார்ச்சில் ஒட்டுக் கட்டலாம். தாய்மரம் போனாலும் ரகம் பிழைக்கும்.

கேள்வி கேட்டவர்

எல்லாருக்கும் நன்றி. இன்று சுவரைத் தட்டினேன். ஓரிடத்தில் கணீர், நான்கடி தள்ளி டொக்கென்று வெற்றுச் சத்தம்! வரைபடத்திலும் அதே இடத்தில் குறுக்குக் கோடுகள். அச்செடுத்து வைத்துவிட்டேன், புதன்கிழமைக் கூட்டத்தில் மேசைமேல் விரிக்கப் போகிறேன். ஆறு பேரிக் குச்சிகள் ஃபிரிட்ஜில் இருக்கின்றன. ஒட்டுக் கட்டத் தெரிந்தவர்கள் அருகில் யாராவது இருந்தால் சொல்லுங்கள், என் கை இதற்குப் புதுசு.