புதுப்பிப்பு: சைக்கிளை முன்பே கொடுத்துவிட்டோம்

மகளுக்கு வாங்கிய சைக்கிளை டிசம்பர் 25 வரை ஒளித்து வைப்பதா, விடுமுறை தொடங்கியதும் கொடுப்பதா என்று கேட்டிருந்தேன். கொடுத்துவிட்டோம். கிறிஸ்துமஸ் அன்று வீடு நிறைய ஆட்கள். ஓட்டக் கற்றுக்கொடுக்க யாருக்கு நேரம் இருக்கும்?

முதலில் பெடல்களைக் கழற்றி, இரண்டு பாதமும் தரையில் படும்படி சீட்டை இறக்கினோம். (இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் சுற்றும், கவனம்.) காலால் உந்தி உந்தியே பேலன்ஸ் பிடிபட்டது. அப்புறம்தான் பெடல். ஹெல்மெட் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் நிற்கட்டும்.

பண்டிகையன்று பிரிக்க ஒன்றும் இருக்காதே என்று சிலர் சொன்னது நியாயம். அதனால் மணியை மட்டும் தனியாகப் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறோம். தம்பிக்கும் அவன் பரிசுகளில் ஒன்றை முன்பே கொடுத்தோம். இல்லையென்றால் அவன் முகம் வாடிப்போயிருக்கும்.