ஃபுஜிவாரா பிரதிநிதிகள் ஜப்பானிய அரியணையைக் காத்தார்களா?

பழஞ்சுவடி எழுதியது:

ஹெயான் காலத்து (794–1185) ஜப்பானைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், ஃபுஜிவாரா குடும்பத்தார் பேரரசர்களைப் பொம்மைகளாக்கிவிட்டு நாட்டைத் தாங்களே ஆண்டார்கள் என்ற ஒரே வரியோடு பலரும் முடித்துக்கொள்கிறார்கள். அந்த வரி உண்மையில் பாதியைக்கூடச் சொல்லவில்லை என்பது என் கருத்து. அவர்கள் வகித்த பிரதிநிதிப் பதவிகள் இரண்டு. பேரரசர் சிறுவராக இருக்கையில் அவருக்குப் பதிலாக முடிவெடுப்பவர் செஷ்ஷோ. பேரரசர் வளர்ந்த பிறகு, எல்லா ஆவணங்களையும் அவருக்கு முன்பாகப் பார்த்துக் கருத்துரைப்பவர் கம்பாகு. 858இல் செய்வா சிறு வயதில் அரியணை ஏறியபோது அவருடைய தாய்வழிப் பாட்டனார் யோஷிஃபுசா ஆட்சிப் பொறுப்பைக் கையில் எடுத்தார். அரச குடும்பத்தில் பிறவாத ஒருவர் அப்பொறுப்புக்கு வந்தது அதுவே முதல்முறை. 593இல் பேரரசி சுய்கோவுக்காக ஆட்சியை நடத்தத் தொடங்கியதாக மரபு கூறும் ஷோதோகு, ஓர் இளவரசர்.

அண்டை நாடுகளில் அதே காலத்தில் நடந்ததைப் பாருங்கள். சீனத்தில் 907இல் படைத்தலைவர் ஒருவர் தாங் வம்சத்தின் கடைசிப் பேரரசரை இறக்கிவிட்டுத் தாமே முடிசூடினார். அடுத்த அரை நூற்றாண்டில் வடசீனத்தில் ஐந்து வம்சங்கள் வந்து போயின. கொரியாவில் சில்லா அரசு 935இல் முடிவுக்கு வந்தது. ஜப்பானிலோ, அவையின் அதிகாரம் முழுவதும் கையில் இருந்தும், ஃபுஜிவாராக்களில் ஒருவர்கூட அரியணையில் அமர முயலவில்லை. போட்டியாளர்களை அவர்கள் நாடுகடத்தினார்கள், கொல்லவில்லை. 810 முதல் 1156 வரை தலைநகரத்து அவை எவருக்கும் மரணதண்டனை நிறைவேற்றவில்லை என்றே வரலாற்றாசிரியர்கள் பொதுவாகக் கூறுகிறார்கள். அரச மரபு அறுபடாமல் வந்ததில் இந்தப் பிரதிநிதிகளுக்குப் பெரும் பங்குண்டு என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

கீழைக்கடல் எழுதியது:

பழஞ்சுவடி அவர்களே, அரியணையில் அமரவில்லை என்பதை ஒரு நற்பண்பாகக் காட்டுகிறீர்கள். யார் அமர வேண்டும், எப்போது எழுந்து போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமையை அவர்கள் எடுத்துக்கொண்ட பிறகு, அமர வேண்டிய தேவை அவர்களுக்கு என்ன இருந்தது?

யோஷிஃபுசாவிலிருந்தே தொடங்குவோம். செய்வா பிறந்த சில மாதங்களிலேயே, மூன்று அண்ணன்மார் இருக்கையில், பட்டத்து இளவரசராக்கப்பட்டார். காரணம் அவருடைய தாய் யோஷிஃபுசாவின் மகள் என்பது மட்டுமே. அதைவிட முக்கியமான செய்தி ஒன்றுண்டு. யோஷிஃபுசாவுக்குச் செஷ்ஷோ அதிகாரம் முறைப்படி அறிவிக்கப்பட்டது 866இல், அதாவது செய்வா பருவமெய்தியோருக்குரிய சடங்கை முடித்துவிட்ட பிறகு. அந்த ஆண்டில் அரண்மனையின் ஓதென்மோன் வாயில் எரிந்தது; பழி தோமோ நோ யோஷியோ என்ற உயர் அதிகாரியின் மேல் விழுந்து, பழைமையான தோமோ குடும்பம் அரசியலிலிருந்தே அகற்றப்பட்டது. சிறுவனுக்குத் துணையாக வந்த பதவி என்றால், சிறுவன் வளர்ந்த பிறகு அது ஏன் உறுதியாக்கப்பட வேண்டும்?

பேரரசர்கள் பதவி விலகிய வயதுகளையும் பாருங்கள். செய்வா 26 வயதில் விலகினார். என்யூ 25 வயதில். கசான் 18ஐக்கூட எட்டவில்லை. 986இல் ஒரு நள்ளிரவில், ஃபுஜிவாரா குடும்பத்துக் கனெய்யேயின் மகன் மிச்சிகனே தானும் உடன் துறவு பூணுவதாகச் சொல்லி அவரைக் கன்க்யோஜி மடத்துக்கு அழைத்துச் சென்று, தலை மழிக்கப்பட்டதும் நழுவி விட்டார். மறுநாள் கனெய்யேயின் பேரன் இச்சிஜோ பேரரசர், கனெய்யே செஷ்ஷோ. ஒரு பேரரசர் தன்னறிவோடு ஆளத் தொடங்கும் வயதில் அவரை அகற்றிவிட்டு இன்னொரு குழந்தையை ஏற்றும் முறைக்குக் காவல் என்று பெயர் வைக்க என்னால் இயலாது.

பழஞ்சுவடி எழுதியது:

கசான் செய்தியை நான் மறுக்கவில்லை. அது வெட்கத்துக்குரிய செயல். ஆனால் எல்லாப் பதவி விலகலும் ஒரே வகையைச் சேர்ந்ததன்று. 884இல் யோஷிஃபுசாவின் வளர்ப்பு மகன் மொதொட்சுனே, செய்வாவின் மகனான பேரரசர் யோஜெயை இறக்கியதற்கு முந்தைய ஆண்டில், அரண்மனைக்குள்ளேயே பேரரசருடைய செவிலியின் மகன் கொல்லப்பட்டிருந்தார். சந்தேகம் பதின்ம வயதுப் பேரரசரையே சுற்றியது. யோஜெய் மொதொட்சுனேயின் சொந்தத் தங்கை மகன். தன் குடும்பத்து இரத்தத்தையே இறக்கிவிட்டு, 50 வயதைத் தாண்டிய கோகோவை அவர் தேர்ந்தெடுத்தார். அதிகாரம் மட்டுமே குறிக்கோள் என்றால், ஒரு குழந்தையை விட்டுவிட்டு நரைத்த தலையை ஏன் தேடிப் போக வேண்டும்?

மேலும் இந்தப் பதவி அறுக்க முடியாத விலங்காக இருக்கவில்லை. மொதொட்சுனே 891இல் இறந்ததும் பேரரசர் உடா வேறொரு கம்பாகுவை நியமிக்கவில்லை. அவர் மகன் தாய்கோ 897 முதல் 930 வரை பிரதிநிதி இல்லாமலேயே ஆண்டார். பிற்காலத்தவர் பொற்காலமாகப் போற்றிய ஆட்சி அது. பேரரசர் விரும்பியபோது தாமே ஆளும் வழி திறந்துதான் இருந்தது.

கீழைக்கடல் எழுதியது:

வழி திறந்திருந்தது என்கிறீர்கள். அந்த வழியில் நடக்க முயன்ற உடாவுக்கு 887இல் என்ன நேர்ந்தது என்பதை விட்டுவிட்டீர்கள். இந்த விவாதத்தில் மிகவும் விளக்கமாகப் பேச வேண்டிய நிகழ்ச்சி அதுவே.

உடாவின் தாய் ஃபுஜிவாரா குடும்பத்தவர் அல்லர். உடா அரச நிலையிலிருந்து நீக்கப்பட்டு, மினமோதோ என்ற குடிமக்கள் பெயரைப் பெற்று வாழ்ந்தவர். தந்தை கோகோ இறக்கும் தறுவாயில்தான் மீண்டும் இளவரசராக்கப்பட்டார். மொதொட்சுனேயின் ஆதரவால் வந்தவர் என்பதால், எல்லாப் பொறுப்பும் தொடர்ந்து அவரிடமே இருக்கட்டும் என்று ஆணையிட்டார். மொதொட்சுனே வழக்கப்படி மறுப்புத் தெரிவித்தார். இரண்டாவது ஆணையை எழுதிய அறிஞர் தச்சிபானா நோ ஹிரோமி, சீனத்துப் பழைய நூல்களிலிருந்து 'அகோ' என்ற மதிப்புப் பெயரை எடுத்துப் பயன்படுத்தினார். அது வேலையில்லாத வெறும் பட்டம் என்று மொதொட்சுனேயிடம் ஒருவர் எடுத்துச் சொல்ல, அவர் அரசுப் பணிகள் அனைத்தையும் நிறுத்திவிட்டார். மாதக்கணக்கில் கோப்புகள் நகரவில்லை. 888இல் பேரரசர் தம் சொந்த ஆணையைத் தாமே திரும்பப் பெற்றுக்கொண்டு, எழுதியவர் தவறிழைத்தார் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. அந்த அவமானத்தை உடா தம் நாட்குறிப்பில் வேதனையோடு எழுதிவைத்தார்.

அடுத்தது சுகவாரா நோ மிச்சிசானே. ஹிரோமியைத் தண்டிக்க வேண்டாம் என்று மொதொட்சுனேக்கே துணிந்து கடிதம் எழுதிய அறிஞர் அவர். உடா அவரை உயர்த்தினார். 899இல் வலப்பக்க அமைச்சர் ஆனார். 901இல் மொதொட்சுனேயின் மகன் தொகிஹிரா சாட்டிய குற்றத்தால் க்யூஷூவிலுள்ள தாசாய்ஃபுவுக்கு அனுப்பப்பட்டு, 903இல் அங்கேயே இறந்தார். நீங்கள் பொற்காலம் என்று குறிப்பிட்ட தாய்கோவின் ஆட்சியில்தான் இது நடந்தது. பிரதிநிதி என்ற பெயரில் எவரும் இல்லாத காலத்திலேயே இதைச் செய்ய முடிந்தது என்றால், அந்தக் குடும்பத்தின் பிடி எவ்வளவு ஆழமானது என்று எண்ணிப் பாருங்கள். மரணதண்டனை இல்லை என்று பெருமைப்படுகிறீர்கள். நோயோடும் வறுமையோடும் தொலைவில் கிடந்து மடிந்தவரை அந்தக் கணக்கில் எங்கே சேர்ப்பீர்கள்? தவிரவும், 810 என்ற ஆண்டு யோஷிஃபுசாவுக்கு அரை நூற்றாண்டுக்கு முந்தியது. அந்த வழக்கத்தைத் தொடங்கியவர்கள் பிரதிநிதிகள் அல்லர்.

தாழ்வாரம் எழுதியது:

இருவரும் அமைச்சர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். இந்த அதிகாரம் பிறந்த இடம் அவை அன்று, பெண்ணின் பிறந்தகம். அக்காலத்து உயர்குடிகளில் குழந்தை தாய்வீட்டில் வளர்ந்தது. பேரரசருக்குப் பிறந்த இளவரசனும் தாய்வழிப் பாட்டனாரின் மாளிகையிலேயே நடை பழகினான். அவன் அரியணை ஏறும்போது அவனுக்காக முடிவெடுப்பவர் அவனை வளர்த்த மனிதரே. பதவியின் பெயர் செஷ்ஷோவா கம்பாகுவா என்பது இரண்டாம் நிலைக் கேள்வி. கனெய்யேயின் இன்னொரு மகன் மிச்சினாகாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 995இல் ஆவணங்களை முன்கூட்டிப் பார்க்கும் உரிமையை மட்டும் பெற்று இருபது ஆண்டுகள் அவையை நடத்தினார்; 1016இல் செஷ்ஷோ ஆகி, அடுத்த ஆண்டே அதை மகன் யோரிமிச்சிக்குக் கொடுத்துவிட்டார்; கம்பாகு பதவியை அவர் ஏற்றதே இல்லை. அந்த 995 நியமனமும், பேரரசர் இச்சிஜோவின் தாயும் மிச்சினாகாவின் அக்காவுமான சென்ஷி தம் மகனிடம் வற்புறுத்திப் பெற்றுத் தந்தது என்று கூறப்படுகிறது.

மிச்சினாகாவின் மகள் ஷோஷி 1008இல் ஓர் இளவரசனைப் பெற்றார். அவரே 1016இல் பேரரசர் கோ-இச்சிஜோ. அவருக்குத் தம் இன்னொரு மகள் இஷியை, அதாவது அப்பேரரசரின் சொந்தச் சித்தியை, மிச்சினாகா மணம் செய்துவைத்தார். 1018இல் இஷி பேரரசியாக்கப்பட்ட விருந்தில்தான், குறையாத முழுநிலவைப் போல இவ்வுலகம் தமக்கே உரியது என்ற பொருளில் கவிதை சொன்னார். அது நமக்குக் கிடைத்தது, அவர்பால் குறை கண்டுவந்த உறவினர் சனேசுகேயின் நாட்குறிப்பால்.

இந்த முறையின் வலிமையும் பலவீனமும் ஒன்றே. பேரன் பிறந்தால் எல்லாம் உண்டு. பிறக்காவிட்டால் எதுவும் இல்லை. மிச்சினாகாவின் இன்னொரு மகள் கென்ஷி, பேரரசர் சன்ஜோவுக்கு 1013இல் ஒரு பெண் குழந்தையைப் பெற்றபோது, மிச்சினாகா வெளிப்படையாகவே முகம் சுளித்தார் என்று சனேசுகே எழுதியிருக்கிறார். அந்தப் பெண் குழந்தை தெய்ஷி வளர்ந்து, பேரரசர் கோ-சுசாகுவை மணந்து பெற்ற மகன்தான் கோ-சன்ஜோ. யோரிமிச்சி ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் பதவியில் இருந்தும், பேரரசருக்கு மணம் செய்துவைத்த அவருடைய மகள்களுக்கு அரியணை ஏற ஓர் ஆண்வாரிசு அமையவில்லை. 1068இல், தாய் ஃபுஜிவாரா குடும்பத்தவர் அல்லாத கோ-சன்ஜோ அரியணை ஏறினார். மறு ஆண்டே உயர்குடிகளின் பண்ணை நிலங்களுக்கான பத்திரங்களைச் சரிபார்க்க ஓர் அலுவலகம் அமைத்தார். கம்பாகு குடும்பத்து நிலங்களும் அதற்குத் தப்பவில்லை. அவர் மகன் ஷிரகாவா 1086இல் அரியணையைச் சிறு மகனுக்குக் கொடுத்துவிட்டு, தந்தை என்ற உரிமையில் 1129இல் இறக்கும்வரை ஆண்டார்.

வழிப்போக்கன் எழுதியது:

ஹோஜோ குடும்பத்தாரும் இந்தப் பட்டியலில் வர வேண்டாமா? காமகுராவில் அவர்களும் பிரதிநிதிகளாகத்தானே ஆண்டார்கள்?

பழஞ்சுவடி எழுதியது:

வரமாட்டார்கள், வழிப்போக்கன். ஹோஜோக்கள் வகித்த ஷிக்கென் பதவி, காமகுராவில் இருந்த படைத்தலைமை ஆட்சியாளரான ஷோகனுக்குப் பிரதிநிதி, பேரரசருக்கு அன்று. அவர்கள் காலத்திலும் பேரரசரின் தலைநகரான கியோத்தோவில் கம்பாகு தனியே இருந்தார். 13ஆம் நூற்றாண்டில் ஃபுஜிவாரா தலைமை வழி கொனோயே, குஜோ, நிஜோ, இச்சிஜோ, தகத்சுகாசா என ஐந்து குடும்பங்களாகப் பிரிந்து, அப்பதவியை மாறி மாறி வகித்தது. ஃபுஜிவாரா குடும்பத்துக்கும் அரச குடும்பத்துக்கும் வெளியே பிறந்து கம்பாகு ஆனவர்கள் ஹிதெயோஷியும் அவருடைய சகோதரி மகன் ஹிதெத்சுகுவும் மட்டுமே. நாட்டையே படையால் வென்ற ஹிதெயோஷிகூட 1585இல் அப்பதவியை அடைய கொனோயே குடும்பத்துக்குத் தத்துப்பிள்ளையாகப் போக வேண்டியிருந்தது.

தாழ்வாரம் சொன்னதை வரவேற்கிறேன், ஆனால் அது என் வாதத்துக்கே வலுச்சேர்க்கிறது. பேரன் அரச குடும்பத்தவனாக இருந்தால்தான் பாட்டனாருக்கு அதிகாரம். ஆகவே அரச குடும்பம் அழியாமல் இருப்பது பாட்டனாரின் உயிர்த்தேவை. 1220ஆம் ஆண்டையொட்டி 'குகன்ஷோ' எழுதிய துறவி ஜியென், பேரரசர் மரபின் முன்னோரான தெய்வமும் ஃபுஜிவாராக்களின் குலதெய்வமும் செய்துகொண்ட உடன்படிக்கையே இந்தக் கூட்டாட்சிக்கு அடிப்படை என்றார். புராணமாக இருந்தாலும், அக்காலத்தவர் அதை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதை அது காட்டுகிறது.

கீழைக்கடல் எழுதியது:

ஜியென் ஒரு கம்பாகுவின் மகன், இன்னொரு கம்பாகுவின் தம்பி. அவருடைய சொல்லை அக்காலத்தவர் அனைவரின் கருத்தாக எடுத்துக்கொள்ள முடியாது. அது அந்தக் குடும்பத்தின் தன்விளக்கம்.

மரபு அழியவில்லை என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் மரபும் அதில் பிறந்த மனிதர்களும் வேறு வேறு. கண்பார்வை மங்கிவந்த சன்ஜோவை, அதையே காரணமாகக் காட்டி மிச்சினாகா விலகச் சொல்லி நெருக்கினார். தம் மகன் அத்சுஅகிராவைப் பட்டத்து இளவரசராக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு சன்ஜோ 1016இல் இறங்கினார். 1017இல் சன்ஜோ இறந்த சில மாதங்களில் அந்த இளவரசரும் தாமாகவே விலகினார். அந்த இடத்துக்கு மிச்சினாகாவின் இன்னொரு பேரன் வந்தார். இந்தத் தந்தைக்கும் மகனுக்கும் மரபு காக்கப்பட்டது என்ற செய்தி என்ன ஆறுதல் தந்திருக்கும்?

ஜப்பானியரே இதை எப்படிக் கையாண்டார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். 1868 ஜனவரியில் பேரரசரின் ஆட்சி மீட்கப்பட்டதாக அறிவித்தவர்கள், ஷோகன் ஆட்சியோடு செஷ்ஷோ, கம்பாகு பதவிகளையும் ஒரே ஆணையில் ஒழித்தார்கள். 1889இல் வந்த அரச குடும்பச் சட்டம் பிரதிநிதி முறையை மீண்டும் ஏற்றது, ஆனால் அரச குடும்பத்தினருக்கு மட்டுமே. அதன்படிதான் 1921இல் தாய்ஷோ பேரரசர் நோயுற்றபோது, 20 வயது இளவரசர் ஹிரோஹிதோ செஷ்ஷோ ஆகி, 1926இல் தந்தை இறக்கும்வரை அப்பொறுப்பில் இருந்தார். யோஷிஃபுசா திறந்த கதவை அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் தெரிந்தே அடைத்தார்கள். அந்தப் பாட்டனார்கள் அரியணையைக் காத்தவர்கள் என்று அவர்கள் நம்பியிருந்தால், அடைத்திருக்க மாட்டார்கள்.