ஜூன் 2025, மான்செஸ்டர் யுனைடெட் (எம்யூ) பேச்சு: கோச் அமோரிம் இருக்கணுமா, போகணுமா? குன்யா வந்தாச்சு, அடுத்து யார வாங்கணும்?

சிப்புட்_ரெட்டு:

எம்யூ ஆளுங்கெல்லாம் உசுரோட இருக்கீங்களா? எங்க சுங்கை சிப்புட் மாமாக் கடையில சீசன் முடிஞ்சும் இதே சண்டதான் ஓடிக்கிட்டு இருக்கு, ஒரு மேச அமோரிம் போகணும்ங்குது, இன்னொரு மேச இருக்கட்டும்ங்குது, நடுவுல லிவர்பூல் ஆளுங்க தே தாரிக்க உறிஞ்சிக்கிட்டு சிரிக்கிறானுங்க. அங்க பேசி ஒண்ணும் ஆகப்போறதில்ல, அதான் இங்க கேக்குறேன்.

நான் இருக்கட்டும்ங்குற பக்கம். நம்பர் கேவலமாத்தான் இருக்கு, அதுல மாத்துக்கருத்தே இல்ல. 15வது எடம், 42 பாயிண்ட், 18 தோல்வி. அதுலயும் அமோரிம் வந்த பிறகு லீக்ல 27 மேட்ச், 27 பாயிண்ட், ஏழே ஏழு வெற்றி. பில்பாவோவுல நடந்த யூரோப்பா லீக் ஃபைனலுக்கு விடியக்காலம் மூணு மணிக்கு எந்திரிச்சி உக்காந்து, லீக்ல 17வதா வந்த ஸ்பர்ஸ்கிட்ட 1-0 தோத்தத பாத்துட்டு அப்டியே வேலைக்குப் போனவன் நான். கோவம் எனக்கும் இருக்குங்க.

ஆனா 2013ல பழைய கோச் ஃபெர்கி (ஃபெர்குசன்) போனதிலேர்ந்து கொஞ்சம் வரிசையா யோசிச்சுப் பாருங்க. மோயஸுக்கு ஆறு வருஷ காண்ட்ராக்ட் குடுத்து பத்து மாசத்துல அனுப்புனாங்க. வான் கால் எஃப்ஏ கப் தூக்குன ரெண்டாவது நாளே வேல போச்சு. மொரின்யோ, சோல்ஷார், நடுவுல ராங்னிக், அப்பறம் டென் ஹாக். வர்றவன் எல்லாம் தனக்குன்னு ஆள் வாங்குறான், அடுத்தவன் வந்து இது எனக்கு ஆகாதுங்குறான், டி மரியாவ கிட்டத்தட்ட 60 மில்லியன் பவுண்டுக்கு வாங்கி ஒரே வருஷத்துல பாரிஸுக்கு ஏத்தி விட்டோம். போன வருஷம் பாருங்க, ஜூலையில டென் ஹாக்குக்கு காண்ட்ராக்ட் நீட்டி, டி லிக்ட், மஸ்ராவி, சிர்க்ஸீ, உகார்ட்டே, யோரோன்னு வாங்கிப் போட்டு, அக்டோபர்ல போய்ட்டு வாங்கன்னு சொல்லிட்டாங்க. நவம்பர்ல வந்த அமோரிம் 3-4-3 ஆளு, அதாவது பின்னாடி மூணு டிஃபெண்டர், ரெண்டு ஓரத்துலயும் மேலயும் கீழயும் ஓடுற விங்-பேக். விங்-பேக்கே இல்லாத டீம்ல வந்து விங்-பேக் வெச்சு ஆடுன்னா எப்டிலா? ஜனவரி டிரான்ஸ்ஃபர் நேரத்துல விங்-பேக்குன்னு டோர்கு ஒருத்தன வாங்கிக் குடுத்தாங்க, அவ்ளோதான்.

இப்ப குன்யா வந்தாச்சு, 62.5 மில்லியன். பிரென்ட்ஃபோர்ட் ஆளு எம்பூமோவுக்கும் கேட்டுக்கிட்டு இருக்காங்க. எனக்கு ரெண்டு கேள்வி. இன்னொரு சீசன் குடுக்கலாமா? குடுத்தா அடுத்த காச எங்க போடணும்? என் ஓட்டு ஸ்ட்ரைக்கருக்கு. ஹோய்லுன் லீக்ல நாலு கோல், சிர்க்ஸீ மூணு, லீக்ல மொத்த டீமும் சேந்தே 44. ஸ்போர்ட்டிங்ல அமோரிம் வளத்த க்யோகெரெஸ் போர்ச்சுகல் லீக்ல மட்டும் 39 போட்டிருக்கான்.

கோப்_பையன்:

கூப்டீங்களா பாஸ்? தே தாரிக் நல்லாத்தான் இருந்துச்சு.

கிண்டல் அப்பறம் வெச்சுக்குவோம், நெசமாவே ஒண்ணு சொல்றேன். எங்க லிவர்பூல்ல கோச் க்ளாப் போனப்ப நாங்களும் முடிஞ்சுச்சுன்னுதான் நெனச்சோம். ஸ்லாட் வந்தாரு, மொத சம்மர்ல ஃபீல்டுல ஆட வந்த புது ஆளு கியேசா ஒருத்தன்தான், அவனும் பெஞ்சுல உக்காந்தே லீக் மெடல் வாங்கிட்டான். எப்டி? டீம க்ளாப்புக்காக மட்டும் வாங்கல, கிளப்புக்குன்னு ஒரு ஆட்டம் இருந்துச்சு, அதுக்கு ஏத்த மாரி வாங்குனாங்க, கோச்சையும் அதே மாரி தேடுனாங்க. நீங்க தலகீழா பண்றீங்க. மொதல்ல கோச்ச புடிக்கிறீங்க, அவரு சொல்ற ஆள வாங்குறீங்க, அவரு போனா சாமான் சட்டியெல்லாம் மாத்துறீங்க. பிரைட்டன பாருங்க, டி செர்பி போயி 31 வயசு ஹுர்செலர கொண்டாந்தாங்க, எட்டாவதா முடிச்சாங்க.

அதனால அமோரிம் இருக்கணுமா போகணுமாங்குறதே தப்பான கேள்வின்னு நான் சொல்வேன். அவரு போனாலும் ஒதவுற ஆளா வாங்குறீங்களா இல்லையா, அத கேளுங்க.

தோட்டத்து_மாமா:

தம்பிங்களா, நான் பழைய ஆளு, இங்க்லீஷ் பந்து எனக்கு சனி ஞாயிறு மட்டும்தான். ஆனா கோச்ச மாத்துற கத எனக்கும் தெரியும். நம்ம மலேசியா கோச் கே. ராஜகோபால ஞாபகம் இருக்கா? 2009ல அண்டர்-23 பசங்கள கூட்டிட்டு லாவோஸ் போயி சீ கேம்ஸ் தங்கம் எடுத்தாரு, 20 வருஷம் கழிச்சி. அந்த பசங்கள்ல நெறைய பேர அப்டியே 2010 சுசுகி கப்புக்கு (தென்கிழக்காசிய நாடுங்களோட கப்பு) கொண்டு போனாரு. மொத ஆட்டமே ஜகார்த்தாவுல இந்தோனேசியாகிட்ட 5-1. அன்னிக்கி ராத்திரி கடையில என்னா பேச்சு பேசுனாங்கன்னு எனக்குத்தான் தெரியும், ஆள இப்பவே தூக்கணும், நம்ம ஆளுக்கு என்ன தெரியும், அப்டி இப்டின்னு. அதே மாசம் ஃபைனல்ல அதே இந்தோனேசியாவ நம்ம புக்கிட் ஜாலில் ஸ்டேடியத்துல 3-0, சாஃபி சாலி ரெண்டு கோலு. ஜகார்த்தாவுல 2-1 தோத்தும் கப்பு நமக்கு. 5-1 ஆன மறுநாளே ஆள மாத்தியிருந்தா?

இன்னிக்கி செடி நட்டு நாளைக்கே கொல வெட்ட முடியாதுடா, செம்பனையே மூணு வருஷம் கேக்குது.

கோப்_பையன்:

மாமா அது சரி, ஆனா அவரு பசங்கள அவருக்கு முன்னாடியே தெரியும், அண்டர்-23லயே கூட வெச்சிருந்தாரு. அமோரிம் சீசன் நடுவுல வந்து எறங்குனவரு. அது வேற இது வேற.

தோட்டத்து_மாமா:

அதனாலதான்டா ஒரு முழு சீசன் குடுன்னு சொல்றேன்.

கிராணி_மகன்:

எல்லாரும் வாங்கு வாங்குன்னு சொல்றீங்க, காச யாரு பாக்குறது? நான் அக்கவுண்ட்ஸ் ஆளு, கொஞ்சம் பொறுமையா படிங்க.

62.5 மில்லியன்னா இந்த வருஷமே முழுசா செலவுல ஏறாது. குன்யா காண்ட்ராக்ட் 2030 வரைக்கும், அஞ்சு வருஷம், அப்ப கணக்குல வருஷத்துக்கு 12.5. அதுக்கு மேல சம்பளம். இப்டி பிரிச்சுப் போடுறதாலதான் வாங்குறப்ப லேசா தெரியுது, பின்னாடி கழுத்த புடிக்குது. ஆண்டனிய 80 மில்லியனுக்கு மேல குடுத்து 2022ல வாங்குனாங்க, காண்ட்ராக்ட் 2027 வரைக்கும், அப்ப இன்னும் ரெண்டு வருஷத்து பங்கு புத்தகத்துல நிக்கிது. ஆளு என்னமோ லோன்ல போயி ஸ்பெயின்ல பெட்டிஸ் கிளப்புல சந்தோஷமா ஆடுறான். 30 மில்லியன் சுமாருக்கு கீழ வித்தா அது நட்டம்னு எழுதணும். லோன்ல எடுத்த சாஞ்சோவ செல்சி அஞ்சு மில்லியன் அபராதம் கட்டியே திருப்பி அனுப்பிட்டாங்க, வேணாம்னு சொல்றதுக்கு காசு குடுத்திருக்கான்னா எப்டி இருக்கும் பாருங்க, 2021ல நாம குடுத்தது 73 மில்லியன்.

இதுல இன்னொரு கூத்து. அகாடமியில வளந்த பையன வித்தா புத்தகத்துல அவனுக்கு மதிப்பு சைபர், வர்ற காசு முழுக்க லாபம். அதான் ராஷ்ஃபோர்ட், கர்னாச்சோ, மெய்னூன்னு பேரு அடிபடுது. கர்னாச்சோவும் மெய்னூவும் போன வருஷம் எஃப்ஏ கப் ஃபைனல்ல மான்செஸ்டர் சிட்டிக்கு எதிரா கோல் போட்ட ரெண்டு பேரு! விதி அப்டி இருக்கு, என்ன பண்ண. யூரோப்பு காசும் இந்த வருஷம் கெடையாது. கோச்ச மாத்துறதுக்கும் பில்லு இருக்குங்க, டென் ஹாக்கையும் அஞ்சே மாசம் இருந்த ஸ்போர்ட்டிங் டைரக்டர் ஆஷ்வொர்த்தையும் அனுப்புன வகையில 14.5 மில்லியன்னு கிளப்பு கணக்குலயே வந்துச்சு. ஒரு பக்கம் ஆபிஸ் ஸ்டாஃப் 250 பேர வேலைய விட்டு தூக்குறாங்க, இன்னொரு பக்கம் இது.

அதனால அமோரிம வெச்சுக்கிறது பாசத்துனால இல்ல, அனுப்ப காசு பத்தாததுனாலயும்தான். அவரே ஃபைனல் முடிஞ்சு, போகச் சொன்னா நஷ்டஈடு இல்லாமலே போறேன்னு சொன்னது வேற விஷயம், அந்த ஒரு வார்த்தைக்காகவே எனக்கு அந்த ஆள புடிக்கும்.

சிப்புட்_ரெட்டு:

கிராணி மகனே, ஒங்கப்பா தோட்டத்துல இதே மாரிதான் செக்ரோல் (கூலிக் கணக்கு) எழுதுனாரா 😂

கோப் பையா, நீ சொல்றது பாதி சரி. குன்யாவும் எம்பூமோவும் அந்த வகையிலதான் எனக்கு புடிச்சிருக்கு. பிரீமியர் லீக் அவங்களுக்கு புதுசு இல்ல, ஒருத்தன் 15 கோலு, ஒருத்தன் 20 கோலு, அமோரிமுக்கு ஸ்ட்ரைக்கருக்கு பின்னாடி ரெண்டு நம்பர் 10ஆ ஆடலாம், நாளைக்கி வேற ஒருத்தன் 4-3-3 கொண்டாந்தா விங்குலயும் ஆடலாம். அதே சமயம் டோர்கு மாரி தனி விங்-பேக்குக்கு காசு கொட்டுறதுல எனக்கும் பயம்தான். நம்ம அமாட் டியாலோவ அங்க ஓட விட்டா ஆட்டம் நல்லா வருது, ஆனா கோலுக்கிட்ட அவன் கம்மியாத்தான் வர்றான்.

புக்கிட்_ஜாலில்_போனவன்:

ஒங்க கணக்கு வழக்கெல்லாம் இருக்கட்டும். மே 28 அன்னிக்கி புக்கிட் ஜாலில்ல நேர்ல உக்காந்து பாத்தவன் நான். ஈப்போவுலேர்ந்து பஸ்ஸுல போயி, ஜெர்சி போட்டுக்கிட்டு, 72,550 பேருக்கு நடுவுல. ஆசியான் ஆல் ஸ்டார்ஸ் 1-0. மியான்மார் பையன் மாவுங் மாவுங் லுவின் கோலு. அந்த ஆல் ஸ்டார்ஸ் டீம் சேந்து எத்தன தடவ ட்ரெய்னிங் பண்ணியிருக்கும் சொல்லுங்க? சும்மா ஒண்ணு சேத்த டீமு. நம்மாளுங்க நடந்துக்கிட்டு இருந்தானுங்க. கடைசியில ஸ்டேடியமே ஊளை விட்டுச்சு, நானும் விட்டேன், பொய் சொல்ல மாட்டேன்.

ஃபைனல் தோத்து ஒரு வாரங்கூட ஆகல, களைப்பு, ஃப்ரெண்ட்லி மேட்ச், எல்லாம் தெரியும். ஆனா ஒரு கோச்சு அந்த எடத்துல பசங்கள ஓட வைக்க முடியலன்னா 3-4-3 என்னா 4-4-2 என்னா? ஸ்பர்ஸ பாருங்க, அவங்க கோச் போஸ்டகோக்லு 17 வருஷத்துல மொத கப்பு எடுத்துக் குடுத்தாரு, லீக்ல 17வதுன்னு பதினாறே நாள்ல அனுப்பிட்டு, பிரென்ட்ஃபோர்ட்லேர்ந்து தாமஸ் ஃப்ராங்க கூட்டியாந்துட்டாங்க. கப்பு எடுத்தவனுக்கே அந்த கதின்னா, கப்பும் இல்லாம 15வதா வந்தவருக்கு நாம ஏன் தாலாட்டு பாடணும்? என் ஓட்டு போகணும்.

இன்னொண்ணு, ஃப்ராங்க் அங்க போனதுல எம்பூமோவும் அவரு பின்னாடியே ஸ்பர்ஸுக்கு போயிடுவானோன்னு எனக்கு இப்பவே வயித்த கலக்குது. அவங்களுக்கு சாம்பியன்ஸ் லீக் வேற இருக்கு.

தைப்பிங்_அக்கா:

ஆம்பளைங்க எல்லாரும் கோலு போடுறவனப் பத்தியே பேசுறீங்க, கோலு விடுறவனப் பத்தி யாரும் வாய தொறக்கல. லீக்ல 54 கோலு வாங்கியிருக்கோம்! நம்ம கீப்பர் ஒனானாவ பத்தி என்னா சொல்றீங்க? யூரோப்பா லீக்ல லியோன் கூட மொத லெக்குக்கு முன்னாடி லியோன் ஆளு மாட்டிச் கூட வாய்ச்சண்ட, மாட்டிச் இவன எம்யூ சரித்திரத்துலயே மோசமான கீப்பர்கள்ல ஒருத்தன்னு சொன்னான், மேட்ச்ல ரெண்டு கோலும் இவன் தப்பு, 2-2. ரெண்டாவது லெக்குல 120 நிமிஷம் தாண்டி மெக்வயர் தலையில அடிச்சி 5-4 ஆகலன்னா ஃபைனலே கெடையாது. அந்த கோலுக்கு நான் போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டு நாயெல்லாம் கொரைச்சுச்சு, வீட்டுக்காரரு திட்டுனாரு, அது வேற.

ராஜகோபால பத்தி பேசுன மாமாவுக்கு ஒரு கேள்வி, நம்ம காலத்து ஆறுமுகம் மாரி கீப்பர் நின்னா முன்னாடி நிக்கிறவனுக்கு எவ்ளோ தைரியம் வரும்? ஸ்பைடர்மேன்னு சும்மாவா பேரு வெச்சாங்க. பின்னாடி நிக்கிறவன் மேல நம்பிக்க இல்லன்னா மூணு டிஃபெண்டர் வெச்சாலும் அஞ்சு வெச்சாலும் எல்லாரும் பின்னாடியேதான் ஓடுவானுங்க. அமோரிம் ஆட்டத்துல டிஃபன்ஸ் மேல ஏறி நிக்கணும், இந்த நெலமையில எவன் ஏறுவான்? ஸ்ட்ரைக்கருக்கு முன்னாடி கீப்பர வாங்குங்க.

தோட்டத்து_மாமா:

சரியா சொன்னம்மா. ஆறுமுகம் கை நீட்டுனா அந்த பக்கத்து கம்பம் வரைக்கும் போகும். இந்த காலத்து கீப்பருக்கு கால்ல பாஸ் குடுக்கத் தெரிஞ்சா போதும்ங்குறானுங்க, கை எதுக்கு இருக்குன்னே மறந்துட்டானுங்க.

கிராணி_மகன்:

அக்கா சொல்றது காசு கணக்குலயும் நிக்கிது. நல்ல இளம் கீப்பர க்யோகெரெஸ் வெலயில பாதிக்கும் கம்மியா எடுக்கலாம், 10 வருஷம் நிப்பான். ஸ்ட்ரைக்கருக்கு 27 வயசுல 60, 70 குடுத்தா திருப்பி விக்க முடியாது. ஆனா ஒனானாவ யாரு வாங்குவா, அதுவும் சொல்லுங்க.

சிப்புட்_ரெட்டு:

கீப்பர் சரி, ஒத்துக்கிறேன், ஆனா ஸ்ட்ரைக்கர் இல்லாம முடியாது அக்கா. பில்பாவோவுல ஹோய்லுன் தலையில அடிச்சத வான் டெ வென் லைன்ல பறந்து எடுத்தான், அது போயிருந்தா இன்னிக்கி இந்த பேச்சே வேற.

புக்கிட் ஜாலில் போனவனே, ஒன் கோவம் நியாயம்தான், ஆனா அமோரிம அனுப்பிட்டு யார கூட்டியாரணும், அந்த பேர மட்டும் சொல்லு. போகணும்ங்குறவங்க யாரும் இத சொல்ல மாட்டேங்குறீங்க.

புக்கிட்_ஜாலில்_போனவன்:

கிளாஸ்னர். கிரிஸ்டல் பேலஸுக்கு அந்த கிளப்பு சரித்திரத்துலயே மொத பெரிய கப்பு, எஃப்ஏ கப்பு, சிட்டியவே ஃபைனல்ல 1-0 அடிச்சி எடுத்துக் குடுத்தவரு. அவரும் மூணு டிஃபெண்டர் வெச்சுதான் ஆடுறாரு, ரெண்டு நம்பர் 10 வெச்சு. இருக்குற ஆளுங்கள மாத்தாமலே அவரு கையில குடுக்கலாம். கோப் பையன் சொன்னது அதுதானே?

கோப்_பையன்:

அதேதான். இப்பதான் ஒங்க ஆளு ஒருத்தன் பொருத்தமா பேசுறான்.

தைப்பிங்_அக்கா:

யாரு கோச்சா வந்தாலும் புரூனோவ மட்டும் விக்காதீங்க. சவுதி கிளப்பு அல்-ஹிலால் அவ்ளோ காசு காட்டியும் வேணாம்னு வந்தவன், 19 கோலு போட்டவன். அவன அமோரிம் கீழ எறக்கி நடுவுல ஆட வெக்கிறதுதான் எனக்கு புடிக்கல.

சிப்புட்_ரெட்டு:

குன்யா, எம்பூமோ ரெண்டு பேரும் மேல ஆடுனா புரூனோ கீழதான் எறங்கணும் அக்கா, வேற எடம் இல்ல. அவன் பக்கத்துல யாரு ஓடுறது, காசெமிரோவா? அதுக்கும் ஒருத்தன் வேணும். கிராணி மகனே, கணக்க போடு.

கிராணி_மகன்:

கீப்பர், ஸ்ட்ரைக்கர், எம்பூமோ, நடுவுல ஒருத்தன். மொதல்ல ஆண்டனிய விக்கச் சொல்லுங்க, அப்பறம் போடுறேன்.