கர்தார்பூர் லங்கரில் ஒரு மதியம்

இந்தியா-பாகிஸ்தான் எல்லையில் மறக்க முடியாத அனுபவம் எது என்று பேச்சு வந்ததும், அட்டாரி-வாகா எல்லைச் சாவடியின் கொடியிறக்கம் பற்றிப் பலரும் எழுதிவிட்டீர்கள். நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் என் மனதில் நிற்பது எல்லைக்கு அந்தப் பக்கம், பாகிஸ்தானில் இருக்கும் சீக்கியப் புனிதத் தலமான கர்தார்பூரில் கழித்த ஒரு பகல்தான்.

எனக்கு லூதியானாவில் பின்னலாடை ஆலை ஒன்றில் வேலை. கூட வேலை பார்க்கும் சீக்கிய நண்பர் 2025 பிப்ரவரியில் தன் அம்மாவை அங்கே அழைத்துப் போனார். "நீயும் வா" என்றார். சீக்கியர்தான் போகலாம் என்றிருக்கவில்லை. அப்போது இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் யாரும் விசா இல்லாமல் போக முடிந்தது. முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்ய வேண்டியிருந்தது, அந்தப் பக்கம் 20 டாலர் கட்ட வேண்டியிருந்தது, அன்று மாலைக்குள் திரும்பிவிட வேண்டியிருந்தது. நம் பக்கத்து எல்லையிலுள்ள தேரா பாபா நானக் முனையத்தில் எல்லோருக்கும் போலியோ சொட்டு மருந்து கொடுத்தார்கள். எண்பதைத் தாண்டிய அந்த அம்மாவும் குழந்தை மாதிரி வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார்.

எல்லைக் கோட்டிலிருந்து குருத்வாரா நாலரை கிலோமீட்டர்தான். நடுவில் ராவி ஆறு. குருநானக் தன் கடைசி 18 வருஷங்களை வாழ்ந்த இடம் அது. 2019 வரை நம் பக்கத்து ஜனங்கள் எல்லையோரம் ஒரு மேடையில் நின்று, தொலைநோக்கியில் அந்த வெள்ளைக் கட்டடத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்புவார்களாம்.

யாத்ரீகர்கள் விசா இல்லாமல் போய்வர அமைத்த பாதை திறந்த வருஷத்தை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது. 2019 பிப்ரவரியில் புல்வாமா தற்கொலைத் தாக்குதல், பதிலுக்கு பாலகோட் விமானத் தாக்குதல். ஆகஸ்டில் காஷ்மீரின் சிறப்பு அந்தஸ்தை இந்தியா நீக்கியது. பாகிஸ்தான் நம் தூதரைத் திருப்பி அனுப்பியது, வர்த்தகம் நின்றது, இரு நாடுகளுக்கும் இடையே ஓடிய சம்ஜௌதா ரயில் நின்றது. அதே வருஷம் மார்ச், ஜூலை, செப்டம்பர் என்று மூன்று தடவை இரு நாட்டு அதிகாரிகளும் அட்டாரியிலும் வாகாவிலும் உட்கார்ந்து பேசினார்கள். ஒரு நாளைக்கு 5,000 பேர் என்று முடிவானது. 20 டாலர் கட்டணத்தை இந்தியா கடைசிவரை ஏற்கவில்லை. இருந்தும் அக்டோபர் 24 அன்று கையெழுத்தானது. நவம்பர் 9 அன்று பாதை திறந்தது. அந்த அதிகாரிகளில் ஒருவர் எரிச்சலில் எழுந்து போயிருந்தாலும் இந்த அம்மா அங்கே போயிருக்க முடியாது.

சரி, லங்கருக்கு, அதாவது குருத்வாராவில் எல்லோருக்கும் இலவசமாகச் சாப்பாடு போடும் கூடத்துக்கு வருகிறேன். தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். எதிரே ஒரு பாகிஸ்தானியக் குடும்பம். அந்தப் பக்கத்து மக்களும் அங்கே வருவார்கள். நடுத்தர வயதுக்காரர் ஒருவர் பஞ்சாபியில் கேட்டார்: "மாஜி, உங்க பூர்வீகம் எது?"

"லாயல்பூர்" என்றார் அம்மா. அதுதான் இன்றைய பைசலாபாத். அப்புறம் ஒரு சக் எண்ணைச் சொன்னார். வெள்ளைக்காரன் கால்வாய் வெட்டிக் குடியேற்றிய பகுதி என்பதால் அங்கே கிராமங்களுக்கு இப்படி எண்கள்தான். 1947-ல் ஊரை விட்டு வந்தபோது இவருக்கு மூன்று வயது. ஊரின் முகம் நினைவில் இல்லை. அப்பா சொல்லிச் சொல்லி அந்த எண் மட்டும் பதிந்திருக்கிறது.

கேள்வி கேட்டவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். பைசலாபாத்துக்காரராம், அந்தக் கிராமம் வழியாக அடிக்கடி போவாராம். அவருடைய தாத்தாவோ ஜலந்தரிலிருந்து போனவர். நண்பரின் வீடும் ஜலந்தருக்குப் பக்கத்தில்தான். அதற்குப் பிறகு சற்று நேரம் யாருக்கும் ரொட்டி இறங்கவில்லை. அம்மா எழுந்து போய் அவர் தலையில் கை வைத்தார். "அடுத்த குளிர்காலம் நீங்க வாங்க மாஜி, உங்க ஊர் மண்ணைக் கொண்டுவரேன்" என்றார் அவர். நண்பரின் எண்ணை வாங்கிக்கொண்டார்.

அதே வருஷம் மே 7 அன்று, இந்தியா-பாகிஸ்தான் சண்டை மூண்ட நாளில், இந்தியா அந்தப் பாதையை நிறுத்தியது. ஜூனில் நண்பரின் வாட்ஸ்அப்புக்கு ஒரு படம் வந்தது. சின்ன ஊறுகாய் ஜாடி, உள்ளே பழுப்பு மண், மூடியில் உருதுவில் அந்தச் சக் எண். அம்மாவுக்கு உருது படிக்கத் தெரியாது. எண்ணை மட்டும் வாசித்துக் காட்டச் சொன்னார்.